நாற்பது பிள்ளைகளைக் குதிரை லாயத்துக்குக் கூட்டிப் போவது எப்படி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் 40 பிள்ளைகள், சவாரிக்கு லாயத்தில் ஒதுக்கும் குதிரைகள் இரண்டு. ஒரு பிள்ளைக்குத் தலைக்கவசம் மாட்டி, தூக்கி உட்காரவைத்து, ஒரு சுற்று நடத்திக் கூட்டி வந்து இறக்கிவிட எவ்வளவு வேகமாகச் செய்தாலும் நாலு நிமிடம் பிடிக்கும். ஆக 80 நிமிடம். அந்த 80 நிமிடத்தில் ஒரு பிள்ளை குதிரை மேல் இருப்பது இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுக்க வெயிலில் வரிசையில் நின்று முன்னால் இருப்பவன் காதைத் திருகுவதுதான் வேலை. நான் முதல் தடவை கூட்டிப் போனபோது அப்படித்தான் நடந்தது. மறுநாள் வகுப்பில் "என்னடா பார்த்தீங்க?" என்று கேட்டால், "குதிரையில ஏறினோம் மிஸ்" என்ற ஒரே பதிலை நாற்பது பேரும் சொன்னார்கள். குதிரைக்கு என்ன நிறம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று நிறம் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மூன்று முறை போய்விட்டேன், மூன்று முறையும் சவாரி கிடையாது. லாயத்தில் பார்ப்பதற்கு இருப்பது அங்கே நடக்கும் வேலைதான்: தேய்ப்பது, கழுவுவது, தீனி அளப்பது, குளம்பு சுத்தம் செய்வது, லாடம் அடிப்பது. இதையெல்லாம் காட்டத் திட்டம் போட்டால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் வாய் ஓயாமல் பேசுவார்கள். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத்தான் எழுதுகிறேன். அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால் பாதி நேரம் போதும்.

லாயத்தைத் தேர்ந்தெடுப்பது

சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. கோவை, ஊட்டிப் பக்கமும் உண்டு. கைபேசியில் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சாதாரண வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், காலை ஆறரை ஏழு மணிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். விலா எலும்பு துருத்திக்கொண்டு இருக்கிறதா, சேணம் உட்காரும் இடத்தில் புண் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறதா, நிற்க நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். சாண நாற்றம் இருந்தால் பரவாயில்லை, லாயம் என்றால் இருக்கத்தான் செய்யும். ஆனால் கண் எரிகிற அளவுக்கு மூத்திர நெடி அடித்தால் பல நாளாகப் படுக்கையை மாற்றவில்லை என்று அர்த்தம். அங்கே வேண்டாம்.

முதலாளியிடம் பேசுவது பணத்துக்கு. மற்றதை எல்லாம் சைஸிடம் கேளுங்கள். சைஸ் என்றால் குதிரையைப் பராமரிப்பவர், பிள்ளைகளுக்கு அன்றைய வாத்தியாரும் அவர்தான். "இதில் எது சாது, எது முரடு, எதற்குச் சின்னப் பிள்ளைகள் சத்தம் பழக்கம்?" என்று கேட்டால் நல்ல சைஸ் பெயர் சொல்லிக் குணம் சொல்லுவார். "எல்லாமே சாதுதான்" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற குதிரைகள் இந்த மாதிரி இடங்களில் நிறைய இருக்கும். அவை உயரம், அழகு, ஆனால் பல சமயம் பதற்றக்காரர்கள். பிள்ளைகள் பக்கத்தில் போய் நிற்க வயசான மட்டக்குதிரைதான் தோது.

இன்னொன்று, சைஸுக்குத் தமிழ் வருமா என்று பாருங்கள். நாங்கள் போன ஒரு இடத்தில் இருந்தவர் பீகார்க்காரர், அருமையான மனிதர், ஆனால் தமிழில் அவருக்குத் தெரிந்தது நாலே வார்த்தை. நல்ல வேளையாக எங்கள் இந்தி டீச்சர் கூட வந்திருந்தார்.

அப்புறம் முக்கியமான கேள்வி: லாடம் அடிப்பவர் என்றைக்கு வருவார்? ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் செதுக்கி, மறுபடி அடித்துவிட்டுப் போவார். அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு, சுற்றுலாவை அந்தத் தேதியில் வையுங்கள். தலைமையாசிரியரிடம் தேதி வாங்கிவிட்டு லாயத்துக்குப் போன் செய்வதுதான் எல்லோரும் செய்வது, நானும் செய்தேன். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

மாதம் என்று பார்த்தால் சென்னைப் பக்கத்துக்குப் பொங்கல் முடிந்து பிப்ரவரி பாதிக்குள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, சேறு. மார்ச் தொட்டு வெயில். நேரம் காலை ஏழரைக்குள் அங்கே இருக்க வேண்டும். பயிற்சி முடிந்து குளிப்பாட்டுவதும் தீனி வைப்பதும் அப்போதுதான் நடக்கும். பதினோரு மணிக்குப் போய் இறங்கினால் தூங்கிவழியும் குதிரையையும் பீடி பிடிக்கும் மனிதரையும்தான் பார்க்கலாம்.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதம்

இதில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், "சவாரி இல்லை" என்று. இதை மறைத்தால் பின்னால் பிரச்சினை. "காசு வாங்கிட்டுக் குதிரையில ஏத்தாமலே கூட்டிட்டு வந்தா எப்படி மிஸ்?" என்று ஒரு அப்பா என்னிடம் நேராகவே கேட்டார், அவர் கேட்டதில் தப்பும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் குதிரையின் தோள் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தருகிறோம் என்று சொன்னதும் பாதிப் பேர் சமாதானம் ஆனார்கள். மீதிப் பாதி இன்னும் ஆகவில்லை.

தலைமையாசிரியரோ நிர்வாகமோ சவாரி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், எல்லாருக்கும் தலைக்கவசம், சைஸ் கயிறு பிடித்து நடத்துவது, பக்கத்தில் ஒரு பெரியவர், ஒரு குதிரைக்குத் தொடர்ந்து பத்துப் பிள்ளைக்கு மேல் இல்லை என்று நிபந்தனை போடுங்கள். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு, சேணத்தின் எடையும் அதில் சேர்த்தி. பத்து வயசுப் பிள்ளையின் எடை ஒரு பொருட்டே இல்லை. இருபது தடவை ஏற்றி இறக்கி ஒரே வட்டத்தில் நடக்கவைப்பதில்தான் அது எரிச்சல் அடையும், எரிச்சல் அடைந்த குதிரை பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்த முடியாது.

கடிதத்தில் கேட்க வேண்டிய உடல்நல விஷயங்கள் இரண்டு. ஒன்று இழுப்பு, ஆஸ்துமா, தும்மல் தொல்லை. குதிரை முடியும் காய்ந்த புல் தூசும் சேர்ந்தால் சில பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளையின் இன்ஹேலர் உங்கள் கையில் இருக்க வேண்டும், பஸ்ஸில் விட்டு வந்த பையில் இல்லை. இரண்டாவது, ரணஜன்னி ஊசி, அதாவது டெட்டனஸ் ஊசி. அந்தக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் சாதாரணமாக இருக்கும். நம் நாட்டு அட்டவணைப்படி ஐந்தாறு வயதில் ஒன்று, 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று என்று இந்த ஊசி வருகிறது. ஐந்தாம் வகுப்பு என்றால் 10 வயது ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ள இதுவே சாக்கு. காலில் கையில் ஆறாத காயம் இருந்தால் கட்டுப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

உடை: மூடிய ஷூ, முழுக்கால் பேன்ட், அவ்வளவுதான். செருப்பு போட்டு வந்தால் உள்ளே விடாதீர்கள், 400 கிலோ மிருகம் தெரியாமல் மிதித்தாலும் மிதித்ததுதான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பஸ்ஸிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள், குதிரைக்கு அதை இழுத்துப் பார்க்க ஆசை வரும். பூவும் வேண்டாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஒரு மட்டக்குதிரை என் தலையிலிருந்த முல்லைச் சரத்தைப் பின்னாலிருந்து உருவிச் சாவகாசமாக மென்றபோது நானே தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் இன்றுவரை அதை மறக்கவில்லை.

போவதற்கு முந்தின வாரம்

வகுப்பில் எதுவும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து மனசில் இருக்கும் குதிரையை வரையச் சொல்லுங்கள். பாதிப் பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஐயனார் குதிரையை வரைவார்கள், காரணம் அவர்கள் ஊருக்குப் போகும்போது எல்லையில் பார்த்த குதிரை அதுதான். மீதிப் பேர் மாட்டை வரைந்து பிடரி மயிர் ஒட்டியிருப்பார்கள்: பிளந்த குளம்பு, பக்கவாட்டில் விரிந்த காது. திருத்தாதீர்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு குதிரையை அசல் அளவில் கோடு போடுங்கள், நீளம் எட்டடி. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், இரண்டே இடம்தான் தெரியாது: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். அந்த இரண்டையும் சிவப்புப் பொடியால் நிரப்புங்கள். பின்னால் பத்தடிக்கு இன்னொரு அரைவட்டம் போடுங்கள், அது உதைக்கும் எல்லை. இப்போது பிள்ளைகளை ஒவ்வொருவராக அந்தக் கோட்டுக் குதிரையை நோக்கி நடக்கச் சொல்லுங்கள். சரியான வழி, இடது தோளைப் பார்த்துச் சாய்வாக, மெதுவாக, ஏதாவது பேசிக்கொண்டே வருவது. சிவப்பில் கால் வைத்தவர் அவுட். அரை மணி நேர விளையாட்டு, இதைவிட நன்றாகப் பாதுகாப்புப் பாடம் எடுக்க எனக்குத் தெரியாது. "பின்னால் போகாதே" என்று நூறு தடவை சொன்னாலும் அவர்களுக்கு எது பின்னால் என்று தெரியாது, கோடு போட்டால்தான் தெரிகிறது.

காது பாஷையையும் அன்றே சொல்லிவிடலாம். இரண்டு காதும் முன்னால் நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. தளர்ந்து பக்கவாட்டில் தொங்கினால் ஓய்வு. கழுத்தோடு ஒட்டிப் பின்னால் படுத்துவிட்டால் கோபம், தள்ளிப் போய்விட வேண்டும். ஒரு காது மட்டும் உங்கள் பக்கம் திரும்பினால் உங்களைக் கேட்கிறது.

விதிகள் மூன்று போதும். ஓடக்கூடாது, கத்தக்கூடாது, சைஸ் சொல்லாமல் கை நீட்டக்கூடாது. பத்து விதி சொன்னால் பத்தையும் மறப்பார்கள்.

உங்களுக்கான நாலாவது விதி ஒன்று உண்டு: விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இரண்டாம் தடவை போனபோது, பிள்ளைகளை வரிசைக்குக் கொண்டுவரப் பழக்கதோஷத்தில் கழுத்தில் இருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். கட்டியிருந்த செவலைக் குதிரை முன்னங்காலைத் தூக்கித் துள்ளி, கயிறு விண்ணென்று இழுபட்டு, தண்ணீர் வாளி உருண்டு, இரண்டு பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். சைஸ் அதன் கழுத்தைத் தடவி அடக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், "டீச்சரம்மா, நீங்க ஊதினது பசங்களுக்கு. ஆனா அவனுக்கும் காது இருக்குல்ல." குடை விரிப்பது, பிளாஸ்டிக் கவரைச் சரசரக்க விடுவது, படம் எடுக்கும்போது வெளிச்சம் அடிப்பது எல்லாம் இந்தக் கணக்குத்தான்.

அன்றைக்கு

நாற்பது பேரை நாலு குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்குப் பத்துப் பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். ஒருவர் ஆசிரியர், ஒருவர் பெற்றோர். பெற்றோரில் கைபேசியைப் பையில் வைத்திருக்கச் சம்மதிப்பவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நாலு இடம், இடத்துக்கு 20 நிமிடம். கூட்டிப் பார்த்தால் அதே 80 நிமிடம்தான், ஆனால் யாரும் வரிசையில் நிற்பதில்லை.

முதல் இடம், தேய்ப்பதும் அளப்பதும். சைஸ் தேய்ப்பானைப் பிள்ளைகள் கையில் கொடுத்துத் தோளில் மட்டும், முடி படிந்திருக்கும் திசையில் தேய்க்கச் சொல்லுவார். ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளை, அதற்கு மேல் வேண்டாம். குதிரையின் உயரத்தைத் தலைவரைக்கும் அளப்பதில்லை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடுவரைக்கும்தான். அதையும் கைக்கணக்கில் சொல்லுவார்கள். ஒரு கை என்பது நாலு அங்குலம். 14.2 என்று சொன்னால் 14 கை, 2 அங்குலம். அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை. தசமம் படித்துக்கொண்டிருக்கும் ஐந்தாம் வகுப்புக்கு இது ஒரு நல்ல குழப்பம், 14.3க்கு அடுத்து ஏன் 15 வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். 14.2க்குள் இருந்தால் பொதுவாக மட்டக்குதிரை என்பார்கள். அளப்பது சைஸ், நாடாவின் எண்ணைப் படிப்பது பிள்ளைகள்.

காதியவாரி இனக் குதிரை அங்கே இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதன் காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றை ஒன்று தொடும், பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். ஈரோடு மாவட்டத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் நடக்கும் குதிரைச் சந்தைக்கு இந்த இனமும் மார்வாரி இனக் குதிரையும் வரும், உங்கள் லாயத்துக் குதிரை அங்கே வாங்கியதா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது இடம் தீனி அறை. இங்கே தராசு வேண்டும், வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். காய்ந்த புல், குதிரைமசால், தவிடு, ஓட்ஸ், வேகவைத்த கொள்ளு, நக்குவதற்கு உப்புக்கட்டி. குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றில் இரண்டு பங்கு அளவுக்குக் காய்ந்த தீனி தின்னும். 400 கிலோ குதிரைக்கு எட்டு கிலோ. எட்டு கிலோ காய்ந்த புல்லை நிறுத்துக் குவித்தால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், அவ்வளவு பெரிய குவியல். தண்ணீர் 25லிருந்து 40 லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கூட. 15 லிட்டர் வாளியில் எத்தனை வாளி என்று கேளுங்கள்.

கொள்ளைப் பார்த்ததும் ஒரு பிள்ளையாவது கேட்கும், "எங்க பாட்டி உடம்பு குறையக் கொள்ளு ரசம் வைப்பாங்க, குதிரைக்கு மட்டும் ஏன் பலத்துக்குக் கொடுக்கறாங்க?" கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோமே. எங்கள் சைஸ் சொன்ன பதில், "அது ஓடுதுப்பா, உங்க பாட்டி ஓடறாங்களா?" இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

தீனியைத் தரையிலேயே கொட்டாமல் ஏன் தொட்டியில் வைக்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கம் மணல் தரை. புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தால் கடுமையான வயிற்றுவலி வரும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வாந்தி எடுக்க முடியாத மிருகம் என்ற ஒரு செய்தி போதும், பிஸ்கட்டையும் சிப்ஸையும் யாரும் நீட்ட மாட்டார்கள். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கேரட், அதுவும் வட்டமாக நறுக்கியது கூடாது, தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் கீறியது. கையில் கொடுப்பதானால் உள்ளங்கையை விரித்துக் கட்டைவிரலை ஒட்டி வைத்துத் தட்டு மாதிரி நீட்ட வேண்டும். எனக்கு அந்த அபாயமே வேண்டாம் என்று தோன்றிவிட்டது, இப்போது கேரட்டை வாளியில் போட்டுச் சைஸிடம் கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாவது இடம் குளம்பு. இதற்காகத்தான் தேதியைத் தேடிப் பிடித்தோம். "லாடம் கட்டிருவேன்" என்று வீட்டில் மிரட்டுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், லாடம் என்றால் என்னவோ சித்திரவதை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். முதல் ஆணி இறங்கும்போது பல பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். குதிரை அசையாமல் நின்று புல்லை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்த பிறகு மெதுவாகத் திறப்பார்கள். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி, வலி தெரியாது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆணி சாய்வாக அந்தச் சுவரில் மட்டும் ஏறி வெளியே தலை நீட்டும், அதை முறித்து மடக்கிவிடுவார். ஆணி உள்பக்கம் சாய்ந்தால்தான் வலி, கைத்தொழில் அதில்தான் இருக்கிறது. ஒரு குளம்புக்கு எத்தனை ஆணி என்று எண்ணச் சொல்லுங்கள். செதுக்கி விழும் நகத் துண்டுகளை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், கழுவிக் காயவைத்தால் கெடாது. நாய் இருக்கும் வீடாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை, தேடிப் பிடித்துத் தின்றுவிடும்.

இங்கேயே இன்னொன்று சொல்லலாம். குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில், நம் நடுவிரலுக்குச் சமமான விரல். பிள்ளைகளை நடுவிரல் நுனியை மட்டும் மேசையில் ஊன்றி நிற்கச் சொன்னால் ஆச்சரியம் சட்டென்று ஏறும். பின்னங்காலில் முழங்கால் பின்பக்கம் மடங்குகிற மாதிரித் தெரிவது முழங்காலே இல்லை, அது கணுக்கால். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடத் துண்டு, குதிரைக்கு ஒன்று. தாத்தாவிடம் போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள், வண்டிமாடு வைத்திருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நாலாவது இடம் சேணம், கடிவாளம், அங்கவடி (ஏறும்போது கால் வைக்கும் வளையம்) எல்லாம் மாட்டிவைக்கும் அறை. இங்கே ஒரு ஸ்டெதாஸ்கோப் கொண்டுபோனால் நல்லது, தெரிந்த டாக்டரிடம் ஒரு நாள் கடன். அறை வாசலில் சாதுவான குதிரையைப் பிடித்து நிறுத்தி, இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் சைஸ் அதை வைத்துப் பிடிக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கேட்கலாம். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28லிருந்து 44 துடிப்பு. பிள்ளைகளுக்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லப் கேட்ட பிறகு டப் வருவதற்கு அவ்வளவு நேரம் எடுக்குமா என்று நம்பாமல் என்னையே திரும்பிப் பார்ப்பார்கள்.

பயப்படும் பிள்ளைகள்

பத்துக்கு ஒன்று இருக்கும். "ஒண்ணும் பண்ணாதுடா, தொட்டுப் பாரு" என்று கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, மற்ற பிள்ளைகள் சிரிக்கவும் விடக்கூடாது. அவர்களுக்கு முதலிலேயே வேறு வேலை கொடுத்துவிடுங்கள். நான் ஒரு அட்டையும் பென்சிலும் கொடுத்து, காது முன்னால், பக்கத்தில், பின்னால் என்று மூன்று கட்டம் போட்டு, தூரத்தில் உட்கார்ந்து எண்ணச் சொல்வேன். ஒரு பையன் பஸ்ஸை விட்டே இறங்க மாட்டேன் என்றான். ஜன்னல் வழியாகவே எண்ணினான். இரண்டாவது இடம் முடியும்போது இறங்கி வந்து, "மிஸ், அந்தக் கறுப்புக் குதிரைகிட்ட யாரையும் விடாதீங்க, பதினோரு தடவை காதைப் பின்னால போட்டுருச்சு" என்றான். சைஸிடம் சொன்னேன். அதற்கு அன்று பல்வலியாம், சரியாகத்தான் பார்த்திருக்கிறான் என்றார்.

எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் சாப்பாட்டுப் பையைத் தொடக்கூடாது. சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் நீங்களே கொண்டுபோங்கள், அங்கே ஒரே ஒரு குழாய் இருக்கும். சாப்பாட்டை லாயத்துக்கு வெளியே, வேறு எங்காவது நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். ஈ.

வழியில் இன்னொரு இடமும் பார்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு வடநெம்மேலி முதலைப் பண்ணை கண்ணில் படும், அங்கேதான் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. அன்றே நிறுத்தாதீர்கள், பிள்ளைகள் களைத்திருப்பார்கள். ஆனால் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது இதைச் சொல்லலாம்: இருளர்கள் எடுக்கும் பாம்பு விஷத்தை மிகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேர்த்து நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மருந்து குதிரை கொடுத்ததுதான். இதைச் சொன்னபோது பஸ்ஸில் எழுந்த சத்தத்துக்கு விசில் இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது.

திரும்பி வந்த பிறகு

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். "குதிரை ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்று நாற்பது பிரதி வரும். அதற்குப் பதிலாக மறுபடி ஒரு தாள் கொடுத்து வரையச் சொல்லி, முதல் படத்தைப் பக்கத்தில் ஒட்டுங்கள். குளம்பு ஒன்றாகியிருக்கும், காது நிமிர்ந்திருக்கும், கணுக்கால் இடம் மாறியிருக்கும். அப்படியும் ஒருத்தி பல்லைக் காட்டும் குதிரையையே திரும்பவும் வரைந்து, "இது ஐயனாரோடது மிஸ், இது அப்படித்தான் இருக்கும்" என்றாள். மதிப்பெண் முழுசாகக் கொடுத்தேன்.

சைஸுக்கும் லாடம் அடித்தவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் தனியாகக் கையில் கொடுங்கள், முதலாளி பில்லில் சேர்க்காதீர்கள். இரண்டு கழற்றிய லாடமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சும்மாதான் தருவார்கள், வகுப்பில் வருஷம் முழுக்க மேசை மேல் கிடக்கும்.

பள்ளித் தோட்டத்துக்கு ஒரு மூட்டை சாணமும் கேட்கலாம். ஒரு குதிரை நாளைக்கு 15, 20 கிலோ போடும், யாராவது எடுத்துப் போனால் போதும் என்றுதான் இருப்பார்கள். புதுசாக இருந்தால் செடிக்கு நேராகப் போடாமல் இரண்டு மூன்று மாதம் குவித்து மக்கவிடுங்கள். டிரைவர் அண்ணனிடம் மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள், தார்ப்பாயும் காட்டுங்கள். நான் சொல்லாமல் மூட்டையோடு போய் நின்றேன், அவர் அதைப் பஸ்ஸில் ஏற்றவே இல்லை, கடைசியில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஆட்டோவில் வந்தது சாணம்.